வெயிலுக்கு நேரே பிடித்த கறிவேப்பிலை

கறிவேப்பிலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பச்சை முழுவதும் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை, நார்த்தை, வில்வம், விளா என்று எந்த இலையைப் பிடித்தாலும் இப்படித் தெரியும். எல்லாம் ஒரே குடும்பம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப் பை. கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை மூன்று வீடு தாண்டிப் போகிறதென்றால், அந்தப் பைகள் வெடித்துத்தான் போகிறது.

போன மாதம் அண்ணன் மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறிவேப்பிலை எசென்ஷியல் ஆயில், பத்து மில்லி குப்பி. நீராவியில் வடித்தது என்று ஒரு வரி. அதன் கீழேயே "வைட்டமின் ஈ நிறைந்தது" என்று இன்னொரு வரி. "அத்தே, இது நெசமாங்க? முடிக்கு வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

அந்த இரண்டு வரியும் ஒரே குப்பியில் சேர்ந்திருக்க வழியில்லை. வேறு எங்கிருந்தாவது வைட்டமின் ஈயைக் கொண்டுவந்து ஊற்றியிருந்தால்தான் உண்டு. இதை அவளுக்கு இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டு முழுவதும் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரமடைப் பக்கம். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற வழி. இந்தப் பக்கம் கறிவேப்பிலை தோட்டப் பயிர். செங்காம்பு என்று சொல்வோம். காம்பு சிவந்திருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு வெட்டு வரும். வெட்டிக் கட்டுக்கட்டிச் சாயங்காலம் வண்டியேற்றிவிடுவார்கள். அந்த வாசனைக்குள் வளர்ந்தவள் என்பதால், பயோகெமிஸ்ட்ரி படிக்கப் போய் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புக் கேட்டபோது யோசிக்காமல் சொன்னேன்: கறிவேப்பிலையிலிருந்து வைட்டமின் ஈயும், கொழுப்பு காறாமல் காக்கிற மற்ற ஆன்டிஆக்சிடன்ட்களும் பிரித்தெடுப்பது.

முதல் முறை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். அப்போது அது தப்பென்று தெரியவில்லை. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த இலையை மொட்டைமாடியில் நல்ல வெயிலில் நாலு நாள் காயவைத்தேன். இலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத் தண்ணீர்தான், அதனால் காய்ந்தபின் ஒரு கூடை இலை ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. மிக்ஸியில் பொடித்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஆய்வகத்து ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பங்கை எடுத்துச் சாக்ஸ்லெட்டில் ஏற்றினேன்.

சாக்ஸ்லெட் பார்க்க அழகான கருவி. 1879-ல் ஃப்ரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பாலின் கொழுப்பை அளப்பதற்காக வடிவமைத்தது. கீழே குடுவையில் கொழுப்பைக் கரைக்கிற ஹெக்சேன் என்ற திரவம் கொதிக்கும், ஆவி மேலே போய்க் குளிர்ந்து பொடியின் மேல் சொட்டும். பொடி மூழ்குமளவு நிறைந்ததும் பக்கத்துக் குழாய் வழியாக 'சர்'ரென்று மொத்தமும் கீழே இறங்கிவிடும். மறுபடி நிறையும், மறுபடி இறங்கும். ஆறு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குடுவையில் கரும்பச்சையாய் ஒரு பசை வந்தது. அந்தப் பசையைப் பார்த்தபோது எனக்கிருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

கலவையிலிருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்து வரைபடமாகக் காட்டுகிற எச்பிஎல்சி கருவியில் ஏற்றியபோது, ஆல்ஃபா டோக்கோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, வரவேண்டிய இடத்தில் சின்ன மேடு ஒன்று எழும்பிப் படுத்துவிட்டது. அடுத்த ஊசிக்கும் அதேதான். வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இலைய எங்கம்மா காயவெச்ச?" என்றார். சொன்னேன். "பொடிய எங்க வெச்சிருந்த?" ஜன்னலைக் காட்டினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

இலைக்குள் வைட்டமின் ஈ எதற்காக இருக்கிறது என்பதை அந்த வாரம்தான் ஒழுங்காகப் படித்தேன். அது மனிதருக்காக வைத்திருக்கிற சத்தில்லை. இலையின் பச்சையம் வெயிலை வாங்குகிறது. வாங்கிய வெயிலை முழுக்கச் செலவழிக்க முடியாத நேரத்தில் மிச்சம் ஆக்சிஜனின் மேல் பாயும். அந்த ஆக்சிஜன் வெறிகொண்டு பக்கத்திலிருக்கும் கொழுப்புச் சவ்வைக் கடிக்கும். ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது அடுத்ததைக் கெடுக்கும், அடுத்தது அதற்கடுத்ததை. வரிசையாக நிற்கிற ஓலைக் குடிசைகளில் தீப் பிடிப்பது மாதிரி. வைட்டமின் ஈ அந்தச் சவ்வுக்குள்ளேயே குடியிருக்கிறது. தீ வந்ததும் தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துத் தீயை அந்த இடத்தோடு நிறுத்துகிறது. கொடுத்தபின் தான் வீணாகிறது. வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் மறுபடி பழைய நிலைக்கு வருகிறது.

அதனால் அது இருக்கும் இடம் பசுங்கணிகம். பச்சையம் எங்கே உண்டோ அங்கே. முற்றிய இலையில் கூடுதலாகவும் இளங்கொழுந்தில் குறைவாகவும் இருப்பதன் காரணமும் இதுதான். வெயில் தின்று தின்று சேர்த்து வைத்தது. வாசனையோ அந்த வெளிச்சப் புள்ளிகளில், தனி அறையில். ஒரே இலைக்குள் இரண்டும் இருந்தாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

இதை ஒட்டி ஒரு பழைய கதை உண்டு. 1922-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவான்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர் எலிகளுக்குச் சுத்திகரித்த உணவு மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, சினையும் பிடித்தன. ஆனால் குட்டி வயிற்றிலேயே அழிந்தது. பச்சை லெட்டூஸ் இலையைத் தின்னக் கொடுத்ததும் குட்டி தங்கியது. கோதுமை முளையெண்ணெயிலும் அதே பொருள் இருப்பது பிறகு தெரிந்தது. 1936-ல் அதிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். மகப்பேற்றைத் தாங்குவது என்ற பொருளில் கிரேக்கச் சொல்லெடுத்து டோக்கோஃபெரால் என்று பெயர் வைத்தார்கள். பேரெடுத்தது கோதுமை முளை. முதல் தடயம் கிடைத்தது ஒரு பச்சிலையில் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டாம் முறை முற்றிலும் வேறு மாதிரி செய்தேன். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கிணற்றடி மரத்து இலை. அதைத் தேர்ந்ததற்கு முக்கியமான காரணம் இருந்தது. கறிவேப்பிலைக்கு சைலிட் என்ற சாறுறிஞ்சிப் பூச்சியின் தொல்லை அதிகம், தோட்டத்தில் மருந்தடிக்காமல் வெட்டு எடுப்பது சிரமம். இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்து எச்சத்துக்காகத் தனியாகச் சோதிக்க ஆரம்பித்த அளவுக்கு அது பெரிய பிரச்சினை. கொழுப்பில் கரைகிற வைட்டமினை இழுக்கிற ஹெக்சேன் கொழுப்பில் கரைகிற பூச்சிமருந்தையும் சேர்த்தே இழுக்கும். கிலோக்கணக்கான இலையை ஒரு கரண்டிப் பசையாகச் சுருக்கும்போது அதிலிருக்கும் நஞ்சும் அதே மாதிரி சுருங்கிச் செறிந்துவிடும். கறிவேப்பிலைச் சாறு, சத்து, எக்ஸ்ட்ராக்ட் என்று எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்பது இலை எந்தத் தோட்டம் என்பதைத்தான்.

பறித்த அன்றே, காயவைக்காமல், முற்றிய பச்சை இலையையே நறுக்கி எடுத்துக்கொண்டேன். குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள். எத்தனாலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், கூடவே பைரோகலால் கொஞ்சம். அதைச் சுடவைத்தால் இலையிலிருக்கும் கொழுப்பெல்லாம் சோப்பாகிவிடும், அடுப்பங்கரையில் தேங்காயெண்ணெய்ச் சோப்புக் காய்ச்சுவது போலத்தான். வைட்டமின் ஈ சோப்பாகாது. ஆனால் காரமும் காற்றும் சேர்ந்தால் அதுவே கெட்டுப்போகும். அதற்குத்தான் பைரோகலால், முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

இதில் எனக்குக் கண்கொள்ளாக் காட்சி அடுத்தது. ஆறவைத்துத் தண்ணீரும் ஹெக்சேனும் சேர்த்துப் பிரிபுனலில் குலுக்கி நிறுத்தினால் இரண்டு அடுக்காகப் பிரியும். காரம் பச்சையத்தையும் உடைத்துத் தண்ணீரில் கரைகிற பொருளாக்கிவிடுவதால் பச்சை முழுவதும் கீழே போய்விடும். மேலே ஹெக்சேனில் வெளிறிய மஞ்சள் மட்டும் நிற்கும். சாக்ஸ்லெட்டில் நான் கொண்டாடிய கரும்பச்சைப் பசை அத்தனையும் அடியில் கிடந்தது. நான் தேடியது மேலே அந்த மஞ்சளில், கரோட்டினுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. 295 நானோமீட்டர் ஒளியைக் காட்டினால் 330-ல் ஒளிர்கிறது. அப்படித்தான் கருவி அதைக் கண்டுபிடிக்கிறது. இந்த முறை மேடு நெட்டுக்குத்தாக எழுந்தது. முந்தையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த ஆன்டிஆக்சிடன்ட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலையின் தனிச்சொத்து கார்பசோல் ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் கொண்ட இயற்கைப் பொருள்கள்: மகானிம்பின், மகானின், கோனிஜின், கிரினிம்பின் என்று ஒரு பெரிய குடும்பம். தாவரத்திலிருந்து முதன்முதலில் கிடைத்த கார்பசோல் ஆல்கலாய்டே இந்த மரத்துடையதுதான், 1965-ல் டி. பி. சக்ரவர்த்தி குழுவினர் பிரித்த முரையானின். 2001-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கறிவேப்பிலைச் சாற்றை எண்ணெயில் கலந்து சூடாக்கிச் சோதித்தபோது, காறிப்போவதைத் தள்ளிப்போடுவதில் அது ஆல்ஃபா டோக்கோஃபெராலுக்கும் பி.எச்.டி. (BHT) என்ற செயற்கைப் பொருளுக்கும் ஈடாக நின்றது. ஆகவே, கறிவேப்பிலை எண்ணெயைக் காக்கிறது என்றால் பெருமை வைட்டமின் ஈக்கு மட்டும் போகக் கூடாது.

நாங்கள் செய்தது டிபிபிஎச் சோதனை. ஊதாக் கரைசல். ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் மஞ்சளாகும், 517 நானோமீட்டரில் அளப்பார்கள். செலவு குறைவு, அரைமணியில் முடிவு, எல்லாக் கல்லூரியிலும் நடக்கும். கறிவேப்பிலையை விட்டால் ஊதா கண்முன்னே கரையும். ஆனால் குப்பியில் ஊதா மஞ்சளாவதற்கும் உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதற்கும் நடுவில் ரொம்பத் தூரம். வைட்டமின் ஈ தானே, கூடுதலாகத் தின்றால் நல்லதுதானே என்று நம்பி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குத் தினமும் 400 ஐ.யு. (சர்வதேச அலகு) கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. அந்தப் பச்சைநிற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தினம் விழுங்குகிறவர்கள் என் உறவிலேயே உண்டு. பார்க்கும்போதெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி அண்ணன் மகளின் குப்பி. நீராவியோடு எழும்பி வருவதற்கு மூலக்கூறு இலேசாக இருக்கவேண்டும். கறிவேப்பிலை வாசனையில் இருக்கும் பைனீனின் மூலக்கூறு எடை 136. காரியோஃபில்லீன் 204. இவை ஆவியோடு ஏறி, குளிர்ந்து, தண்ணீருக்கு மேல் எண்ணெயாக மிதக்கும். ஆல்ஃபா டோக்கோஃபெராலின் எடை 430. அது ஏறாது, இலையிலேயே உட்கார்ந்திருக்கும். வடித்த தைலத்தில் வாசனை இருக்கும், வேறு சில குணமும் இருக்கலாம். வைட்டமின் ஈ இருக்காது.

அப்படியானால் வடித்த சக்கையில் இருக்கவேண்டுமே என்ற கேள்வி எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. தெரிந்தவர் ஒருவர் தைலம் வடிக்கிற சின்னக் கூடம் வைத்திருக்கிறார். கறிவேப்பிலையும் சில சமயம் ஏற்றுவார். கொதிகலனைத் திறந்து வெந்த இலையை வாரிப் பின்பக்கம் கொட்டுவார்கள், குப்பையாகிக் காட்டுக்கு எருவாகப் போகும். சுடச்சுட ஒரு கூடை வாங்கிக்கொண்டு வந்தேன். வாசனை சுத்தமாகப் போயிருந்தது, வேகவைத்த கீரை மாதிரி இருந்தது. அதே காரம், அதே பிரிபுனல், அதே மஞ்சள். பச்சை இலை அளவுக்கு இல்லாவிட்டாலும் மேடு நிமிர்ந்தே நின்றது. நீராவிக்குள் காற்று இல்லை அல்லவா, சூடு மட்டும் அதை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை செய்த சோதனை. இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் இதே வழியில் ஒரு தொழிலே நடக்கிறது. நீலகிரியில்கூட வளர்கிற ரோஸ்மேரியின் வாசனையை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கார்னோசிக் அமிலத்தைப் பிரித்து, உணவுக் கொழுப்பு காறாமலிருக்கச் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் அது 2010-ல் ஈ 392 என்ற உணவுச் சேர்க்கை எண்ணோடு அனுமதிக்கப்பட்டது. நம் பக்கத்துத் தைலக் கூடங்களின் பின்னால் கொட்டிக்கிடக்கிற இலையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வருகிறது.

இரண்டையும் ஒரே இடத்தில் பிரித்தெடுக்கவும் வழி இருக்கிறது. கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேல், 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு கரைப்பானாகிவிடும். அழுத்தம் குறைவாக வைத்தால் வாசனை வரும். நன்றாகக் கூட்டினால் டோக்கோஃபெராலும் மெழுகும் வரும். கடைசியில் வாயுவைத் திறந்துவிட்டால் ஹெக்சேன் மாதிரி எச்சம் எதுவும் தங்காது. ஆனால் கருவி விலை சின்னக் கூடங்களுக்குக் கட்டுப்படியாகாது. வைட்டமின் ஈ ஒன்றுக்காக மட்டும் இலையைப் பிழிவதும் கட்டுப்படியாகாது. கடையில் கிடைக்கிற இயற்கை வைட்டமின் ஈ பெரும்பாலும் சோயா, சூரியகாந்தி எண்ணெய்களைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்குகிற வடிபொருளிலிருந்து வருவது. ஒரு மலேசிய ஆய்வு 2001-ல் 62 வெப்பமண்டலத் தாவரங்களை அளந்தது. அதில் முதலிடம் தவசிக் கீரைக்கு, கிலோவுக்கு 426.8 மில்லிகிராம். அடுத்தது கறிவேப்பிலையின் சொந்தக்காரனான, தாய்லாந்துக் குழம்பில் போடுகிற இரட்டையிலை எலுமிச்சையின் இலை, 398.3. பட்டியலின் தலையிலேயே கிலோவுக்கு அரைக் கிராம்கூட இல்லை.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. கறிவேப்பிலையின் தாவரப் பெயரில் வருகிற கோனிகி என்பது யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1768-ல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, இந்தப் பக்கத்துச் செடிகொடிகளைச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். கோனிஜின், கோனிம்பின் என்று ஆய்வகத்தில் எழுதும்போதெல்லாம் தரங்கம்பாடிக் கடற்கரையில் நம் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதர்தான் என் கண்ணுக்குத் தெரிவார்.

ப்ராஜெக்ட் முடிந்து ஊருக்குப் போயிருந்தபோது அம்மிச்சி வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தார். நுரை அடங்கி, சடசடப்புக் குறைந்து, நெய் தெளிகிற நேரம். முற்றிய கறிவேப்பிலை ஒரு கொத்தை உருவி உள்ளே போட்டார். இலையிலிருந்த தண்ணீர் வெடித்து மறுபடி நுரைத்தது.

"இது எதுக்குங்க அம்மிச்சி?"

"நெய் காறாது கண்ணு. சிக்கு வாடை அடிக்காது. எல கருகறக்குள்ள எறக்கிப் போடோணும்."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொழுப்பைக் கரைப்பானாக வைத்து, இலைக்குள்ளிருக்கும் தண்ணீரை வெடிக்கவிட்டுச் செல்லைத் திறந்து, கருகுவதற்கு முன்னால் நிறுத்தி, வெளியே வந்ததை அதே கொழுப்பில் தங்கவிடுவது. பூச்சிமருந்து படாத கிணற்றடி மரம், முற்றிய இலை. ஒரு வருஷமாக நான் போராடிக் கற்றது அத்தனையும் அந்த வாணலியில் நடந்தது. வாசனைப் பையும் பச்சையும் இரண்டும் கரைகிற ஒரே இடமாக நெய் இருந்தது. இப்படிக் கறிவேப்பிலையும் வெற்றிலையும் போட்டால் நெய் கெடுவது தள்ளிப்போகிறது என்று நம் நாட்டுப் பால் ஆய்வாளர்கள் 1979-லேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன்.

நெய்யிலிருந்து அரித்தெடுத்த இலையை உப்புப் போட்டு என் கையில் கொடுத்தார். நெய்யைப் பீங்கான் ஜாடியில் ஊற்றிச் சமையற்கட்டின் இருட்டு மூலையில் வைத்தார். அதுவும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெய்யில் இலையின் பச்சையமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செல்லுக்குள் கட்டுக்குள் இருந்த பச்சையம் எண்ணெயில் தனியாக நிற்கும்போது வெளிச்சம் பட்டால், காக்கவந்ததையே கெடுக்க ஆரம்பிக்கும். தலைக்குக் காய்ச்சுகிற கறிவேப்பிலைத் தேங்காயெண்ணெய்க்கும் இது பொருந்தும். பச்சை நிறம் அழகாகத் தெரியட்டும் என்று கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஜன்னலில் வைப்பதை நான் எங்கே பார்த்தாலும் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். அதேபோல இலை கருங்கட்டையாகும்வரை காய்ச்சவும் வேண்டாம்; சத்தம் அடங்கி இலை மொறுமொறுவென்று ஆனதும் இறக்கிவிடலாம்.

அண்ணன் மகள் அந்தக் குப்பியை வாங்கவில்லை. பொங்கல் லீவுக்கு வந்திருந்தபோது இருவரும் அரைக்கிலோ வெண்ணெய் உருக்கினோம். கிணற்றடி மரம் இப்போது இல்லை. அதன் பக்கக் கன்று ஒன்றைப் பெயர்த்துவந்து என் வீட்டுக் கொல்லையில் நட்டிருக்கிறேன், தோளுயரம் வளர்ந்துவிட்டது. அடிக்கிளையிலிருந்து முற்றிய இலையாகப் பார்த்து அவளே பறித்தாள். பறித்ததில் ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். புள்ளிகளை எண்ணத் தொடங்கி, முப்பதுக்குமேல் விட்டுவிட்டாள்.

நெய்யை அம்மிச்சியின் ஜாடியில்தான் ஊற்றினோம். அதன் மூடி எப்போதோ உடைந்துவிட்டது. ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து மூடி, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.